நல்லூருக்கு நாற்பது லீற்றர்

வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், நானூறு கிலோமீற்றர் என்றோ, இரவு பஸ்ஸில் ஏறிக் கண்ணயர்ந்தால் விடியற்காலம் இறங்கிவிடலாம் என்றோ சொல்லுவது எங்கள் வழக்கம். 2022 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், நல்லூர்த் தேருக்குப் போய்வருவோமா என்று என் சிநேகிதரைக் கேட்டபோது, அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் கடதாசியை எடுத்துப் பார்த்து, "போகவர அறுபத்தேழு லீற்றர்" என்று விடை சொன்னார். அவர் கணக்காளர், முப்பது வருஷமாகப் பிறருடைய வரவு செலவைப் பார்த்துப் பழகியவர். அப்படியிருந்தும், பிரயாணத்தைத் திரவப் பொருளின் அளவையாற் சொல்லும் பழக்கம் அவருக்கு அந்த வருஷத்திலேதான் வந்தது. இலங்கையில் வாகனம் வைத்திருந்தோர் அத்தனை பேருக்கும் ஏறத்தாழ அதே காலத்தில் அந்தப் பழக்கம் வந்துவிட்டிருந்தது.

விலையேறிய சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 ஆம் ஆண்டின் இறுதியில் ஒக்டேன் 92 பெற்றோல் ஒரு லீற்றர் 177 ரூபாய். நாட்டின் டொலர்க் கையிருப்பு வற்றிப்போய், டொலருக்கு 200 ரூபாயளவிற் கட்டிவைக்கப்பட்டிருந்த நாணயம் மார்ச் மாதத்தில் அவிழ்த்துவிடப்பட்டு, மே மாதத்துக்குள் 360 ரூபாயைத் தொட, உக்ரேன் யுத்தத்தால் உலகச் சந்தையில் மசகெண்ணெய் ஏறிய ஏற்றமும் அதனோடு சேர்ந்துகொள்ள, பெற்றோல் மார்ச்சில் 254, ஏப்ரிலில் 338, மேயில் 420 என்று படியேறி, ஜூன் 26 ஆம் திகதி 470 ரூபாயில் வந்து நின்றது. அந்த விலையைக் கொடுக்கச் சித்தமாயிருந்தவனுக்கும் பெற்றோல் கிடைத்தது என்று எண்ணிவிட வேண்டாம். ஜூன் 28 முதல் அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த வாகனங்களுக்கு விற்பனையே நிறுத்தப்பட்டது. நாட்கணக்காக வீதியோரம் நீண்டு கிடந்த வரிசைகளையும், மார்ச்சிலேயே அவ்வரிசைகளில் நின்ற முதியவர்கள் உயிரிழந்ததையும் இங்கே விஸ்தரிக்க எனக்கு மனமில்லை. ஆகஸ்ட் 1 முதல் நாடெங்கும் கியூ.ஆர். முறை வந்தது: மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. விலையும் ஜூலை நடுப்பகுதியில் இருபது ரூபாய் இறங்கி 450 ஆகியிருந்தது. 450 ரூபாயை மலிவென்று சொல்லிச் சந்தோஷப்பட்டவர்களை நான் அக்காலத்தில் என் கண்ணாற் கண்டேன்.

சிநேகிதருடைய காருக்கு வயது இருபதுக்கு மேல். அதன் தாங்கி நாற்பத்தைந்து லீற்றர் கொள்ளும். இரண்டு கிழமைப் பங்கைத் தொடாமற் சேர்த்தால் நாற்பது லீற்றர், தேர் வருகிற கிழமையின் இருபதை யாழ்ப்பாணத்திலே நிரப்பிக்கொள்ளலாம், கியூ.ஆர். அடையாளக் குறி நாட்டின் எந்தப் பெற்றோல் ஷெட்டிலும் செல்லும், ஆக அறுபது. அவருடைய கார் வழக்கப்படி லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடுவது. அக்கணக்கிலே அறுபத்தேழு வேண்டும். ஏழு லீற்றர் துண்டு விழுந்தது. "அதை வழியிலே உழைப்போம்" என்றார் அவர். அந்த வார்த்தையின் பொருள் எனக்கு அப்பொழுது விளங்கவில்லை. அந்தப் பதினைந்து நாளும், வீட்டிலிருந்து கொள்ளுப்பிட்டியிலுள்ள தம் அலுவலகத்துக்கு அவர் காலி வீதி வழியே கால்நடையாகப் போய்வந்தார். கார் முற்றத்தில் நின்றது. தாங்கியிலிருந்து யாரும் உறிஞ்சிவிடாதபடி அதன் மூடிக்குப் புதிதாக ஒரு பூட்டு வாங்கிப் போட்டிருந்தார். அந்தப் பூட்டைத் தேடி மூன்று கடை ஏறியிறங்கினாராம். எல்லாக் காருக்கும் அது வேண்டியிருந்த காலம். நாற்பது லீற்றருக்கு அவர் செலவிட்டது 18,000 ரூபாய். எட்டு மாதத்துக்கு முன் அதே நாற்பது 7,080 ரூபாய்க்கு வந்திருக்கும் என்பதையும் அந்தக் கடதாசியிலே ஓரமாகக் குறித்து வைத்திருந்தார்.

ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை, இருள் பிரியுமுன் புறப்பட்டோம். நீர்கொழும்பு தாண்டிச் சிலாபம் வரையில் எனக்கு விசேஷமாக ஒன்றும் தோன்றவில்லை. புத்தளத்து வெயிலிலே கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, குளிர்சாதனத்தை அவர் தொடாமலே வருவதைக் கவனித்த பிறகுதான், இவருடைய சாரத்தியம் பழைய சாரத்தியமன்று என்பது எனக்குப் பட்டது. இந்த மனிதரோடு பல தடவை நான் இதே வழியால் வந்திருக்கிறேன். முன்னே போகிற பஸ்ஸை முந்தாவிட்டால் அவருக்குக் குடித்த தேநீர் சமிக்காது. அநுராதபுரத்துக்கு அப்பால் வீதி நேரானவுடன் முள் நூறைத் தொட்டுக்கொண்டு நிற்கும். இப்பொழுதோ அறுபதுக்கு மேலே அது ஒரு மயிரிழையும் ஏறவில்லை. முன்னே ஒரு நெல் லொறி ஊர்ந்தது. அதன் பின்னாலேயே, கோயில் வீதியில் சுவாமிக்குப் பின்னாற் போவதுபோல, பத்துப் பதினைந்து நிமிஷம் போனோம். வேகத்தோடு காற்றின் எதிர்ப்பு வர்க்கப் பிரமாணத்திலே கூடும், அறுபதில் இருந்ததைப் பார்க்கத் தொண்ணூறில் அது இரண்டேகால் மடங்கு என்று எனக்கு அவர் விளக்கம் சொன்னார். இந்தப் பௌதிகத்தைக் கல்லூரியிலே நாங்கள் இருவரும் ஒரே வாங்கிலிருந்து படித்தவர்கள். முப்பது வருஷம் கார் ஓட்டியும் நினைவுக்கு வராத அந்தப் பாடம் 450 ரூபாயில் வந்தது.

வீதியிலே எங்களைப் போலவே எல்லாரும் ஓட்டினார்கள் என்பதுதான் வேடிக்கை. முன்னெல்லாம் வவுனியாவுக்கு வடக்கே ஏ-9 வீதியிற் போகிறவன் பின்னாலிருந்து வரும் ஹோர்ண் சத்தத்துக்குப் பயந்துகொண்டே போகவேண்டும். இப்பொழுது வாகனமே குறைவு. இருந்த சிலவும் நிதானமாக, ஒன்றையொன்று முந்த ஆசையின்றி, ஊர்வலம் போவதுபோற் போயின. ஒரு புகையிரதக் கடவையிலே தடை விழுந்ததும், எங்களுக்கு முன்னே நின்ற வான், அதற்கு முன்னே நின்ற லொறி, பின்னே வந்து நின்ற மோட்டார் சைக்கிள் எல்லாம் ஒருவர் சொல்லி வைத்ததுபோல இயந்திரத்தை நிறுத்தின. புகையிரதம் வருமுன் உண்டான அந்த மௌனத்தில் வயலிலே கொக்கு எழும்பிப் போகிற சிறகோசை கேட்டது. இவ்வளவு அமைதியாக ஒரு வாகன வரிசை நிற்கும் என்று நான் நினைத்ததில்லை.

முறிகண்டியிலே எல்லாரும் இறங்குவது போல நாங்களும் இறங்கினோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் அந்த இடத்தைக் கடக்கிற சாரதி யாழ்ப்பாண வீதியில் இன்னும் பிறக்கவில்லை. பஸ் நிற்க, நடத்துநர் இறங்கி ஓடிப்போய்க் கர்ப்பூரம் கொளுத்திவிட்டு வர, அதுவரையில் இயந்திரம் உறுமிக்கொண்டே நிற்பது முன்னைய காட்சி. இந்த முறை அங்கே நின்ற வாகனங்களில் ஒன்றுகூட உறுமவில்லை. கச்சான் விற்கிற அம்மா ஒருவர், நாங்கள் கேட்காமலே இரண்டு சரைகளைக் கையிலே திணித்துவிட்டு, "திருவிழாக் காலத்திலை இப்பிடி வெறிச்சோடி இந்த இடத்தை நான் பாக்கேல்லை, ஐயா. வாற சனமும் இறங்கிக் கும்பிட்டிட்டு உடனை ஏறுது, நேரம் போகுதெண்டில்லை, காசு முழுக்க எண்ணெய்க்குப் போட்டுதாம்" என்றார். வறுத்த கச்சானின் விலையும் ஏறித்தான் இருந்தது. அதற்கு நான் வாய் திறக்கவில்லை.

ஆனையிறவு, பளை, கொடிகாமம் எல்லாம் வழக்கம்போல வந்து கழிந்தன. பொழுதுபட யாழ்ப்பாணம் சேர்ந்து, சிநேகிதருடைய தமையனாரின் வீட்டு வாசலில் நின்றபடி அவர் முள்ளைப் பார்த்துக் கணக்குப் போட்டார்: செலவு இருபத்தேழு லீற்றர். லீற்றருக்குப் பதினைந்து கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. பழைய கணக்கோடு ஒப்பிட்டால் ஒரு வழியிலேயே ஆறு லீற்றருக்கு மேல் மிச்சம். இப்படியே திரும்பிப் போவதற்கு இன்னுமோர் இருபத்தேழு. கிடைக்கிற அறுபதிலே அதுவும் போக மிஞ்சுவது ஆறு. துண்டு விழுந்த ஏழையும் அடைத்து, யாழ்ப்பாணத்திலே சுற்றித்திரிய ஆறு லீற்றரையும் அவர் வழியிலே உழைத்துவிட்டார். இந்த ஆறு லீற்றரைப் பற்றித்தான் அந்தக் கிழமை முழுவதும் நாங்கள் தங்கிய வீட்டிலே விவாதம்.

மறுநாட் காலையில் வேறொரு செய்தி வந்தது. நடுச்சாமத்திலிருந்து மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு உயர்ந்துவிட்டதாம். பெற்றோலும் டீசலும் கார்க்காரருடைய கவலை என்று இருந்துவிடக்கூடியவர்களையும் இந்த விலை தொட்டது. குருநகர்க் கரைக்கு நடந்து போனேன். படகுகளிற் பூட்டும் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. ஒரு தரம் கடலுக்குப் போய்வர முப்பது லீற்றர் வேண்டுமென்று வைத்துக்கொண்டால், ஞாயிற்றுக்கிழமை 2,610 ரூபாயாக இருந்தது திங்கட்கிழமை 10,200 ரூபாய். அன்று கரையிலே இழுத்து வைத்திருந்த படகுகளின் நிழலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள், யார் யார் சேர்ந்து ஒரே படகிற் போவது, கரைக்குக் கிட்ட வலை போட்டால் என்ன கிடைக்கும் என்று தங்களுக்குள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். சிக்கனம் என்பதை ஒரு சற்குணமாகப் பிரசங்கிப்போர் அந்த நிழலிலே ஒரு நாழிகை உட்கார்ந்துவிட்டு வரலாம் என்பது என் அபிப்பிராயம்.

மண்ணெண்ணெய் என்றதும் கொக்குவிலில் ஒரு கராஜுக்காரரின் நினைவு வந்தது. சக்கரங்களிற் காற்றுப் பார்க்கவேண்டுமென்று காரை அங்கே கொண்டுபோனோம். எழுபதைக் கடந்தவர், முற்றத்து மாமரத்தின் கீழே ஒரு ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், சக்கரமில்லாமல், செங்கல்லின் மேல் நின்றது. 1990 இல் வடக்கே பொருளாதாரத் தடை விழுந்த பிறகு, அந்த இனத்துக் கார்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின என்பது அக்காலத்தை அறிந்த எல்லாருக்கும் தெரியும். எப்படி ஓடின என்பதை அவர் வாயாற் கேட்கவேண்டும்.

"மண்ணெண்ணெய் குளிரிலை ஆவியாகாது, தம்பி. இஞ்சின் சுடவேணும். அதுக்காகத்தான் பெற்றோல். ஒரு சின்னப் போத்தலிலை வைச்சு, காபரேற்றருக்குள்ளை அஞ்சாறு துளி விட்டு ஸ்ராட் பண்ணிறது. சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெயைத் திறந்து விடுறது. வழியிலை நிப்பாட்டினால் திரும்பவும் துளி வேணும். அதாலை ஒருத்தரும் வழியிலை நிப்பாட்டமாட்டினம். கலியாண வீட்டுக்குப் போறவையும் ஓட்டத்திலையே குதிச்சு இறங்கினவை!"

இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பிலே எங்களுக்கும் சிரிப்பு வந்தது. நான் யோசித்துப் பார்த்தேன். அன்று பெற்றோற் பஞ்சத்தால் இயந்திரத்தை நிறுத்தப் பயந்தார்கள். இன்று பெற்றோல் விலையால் அதை ஓடவிடப் பயப்படுகிறோம். சாரதியின் கையும் காலும் எதைப் பழகுகின்றன என்பது அந்தந்தக் காலத்து எண்ணெய் சொல்லிக்கொடுப்பதைப் பொறுத்தது போலும். ஒரு போத்தல் பெற்றோலை ஒரு மாதம் வைத்திருந்த அந்த மனிதருக்கு, கிழமைக்கு இருபது லீற்றர் என்பது இராசபோகமாகவே தெரிந்திருக்கும். நாகரிகத்தினால் அதை அவர் சொல்லவில்லை.

சிநேகிதர் தம்முடைய கெட்டித்தனத்தைக் காட்ட விரும்பி, வரும் வழியில் இறக்கம் கண்ட இடமெல்லாம் கியரைக் கழற்றி நியூட்றலில் உருட்டிவந்ததாகச் சொன்னார். கிழவர் தலையிலடித்துக்கொண்டார். பழைய காபரேற்றர்க் காருக்கு அது ஓரளவு சரியாம். இப்போதைய இன்ஜெக்ஷன் காரிலே, கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் எண்ணெய் தானாகவே அடைபட்டுவிடும், சக்கரமே இயந்திரத்தைச் சுற்றும். நியூட்றலிற் போட்டாலோ இயந்திரம் தன்னைத் தானே உயிரோடு வைத்திருக்க எண்ணெய் குடிக்கும். "நீர் மிச்சம் பிடிச்சது வேகத்தைக் குறைச்சதாலை. இதாலை இல்லை. இது பிறேக்குக்கும் கூடாது" என்று தீர்ப்புச் சொல்லி, நான்கு சக்கரத்துக்கும் காற்றடித்து விட்டு, அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். இத்தகைய போலி உபாயங்கள் அந்த வருஷம் ஊரெங்கும் உலாவின. தாங்கியைக் காலையிலே நிரப்பினால் எண்ணெய் கூடக் கொள்ளும் என்று நம்பிச் சாமத்திலே எழும்பினவர்களை எனக்குத் தெரியும்; நிலத்துக்கடியிலுள்ள சேமிப்புத் தொட்டியில் இரவும் பகலும் வெப்பம் அதிகம் மாறாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

தேருக்கு முதல் நாள் நல்லூரடியில் ஓர் ஓட்டோக்காரரோடு கதைத்தேன். அவருக்குக் கிழமைக்கு ஐந்து லீற்றர். அவருடைய வண்டி லீற்றருக்கு இருபத்தைந்து கிலோமீற்றர் ஓடினால் நூற்றிருபத்தைந்து கிலோமீற்றர். ஏழு நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்குப் பதினெட்டுக்குக் கொஞ்சம் குறைவு. முன்பு ஆள் தேடி வீதி வீதியாக உருட்டித் திரிந்தவர், இப்பொழுது தரிப்பிடத்தை விட்டு அசைவதில்லை. தொலைபேசியில் அழைத்தால் முதலிலே கேட்பது, வரும்போது ஆள் இருக்கிறதா என்பது. ஒரு வழி வெறுமையாக வருகிற ஓட்டத்துக்கு அவர் போவதில்லை. "அஞ்சு லீற்றரையும் அடிச்சு அப்பிடியே வித்துப்போட்டு வீட்டிலை படுக்கிற ஆக்களும் இருக்கினம், அண்ணை, கறுப்பிலை பல மடங்கு குடுக்கினம். நான் செய்யேல்லை. ஆனால் பிழையெண்டும் சொல்லமாட்டன்" என்றார். நானும் சொல்லமாட்டேன்.

ஆகஸ்ட் 25, வியாழக்கிழமை, தேர். சனம் குறைந்திருக்கும் என்று எண்ணிப் போனேன், குறையவில்லை. ஆனால் வந்த வழி மாறியிருந்தது. அதிகாலை நான்கு மணிக்கே பருத்தித்துறை வீதியிலும் கோயில் வீதியிலும் சைக்கிள் மணியோசை கேட்கத் தொடங்கிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்து வந்தவர்கள், பின்னாசனத்திலே பேத்தியையும் முன் கூடையிலே அர்ச்சனைத் தட்டையும் வைத்துக்கொண்டு சேலையோடு வந்த பாட்டிமார், ஒரு சைக்கிளில் மூவராக வந்த பொடியன்கள் என்று வீதி நிறைந்தது. யாழ்ப்பாணத்துப் பெண்கள் சைக்கிள் ஓடுவது புதிதன்று. ஐம்பது வயதைத் தாண்டிய உத்தியோகத்தர்கள் ஓடுவதுதான் புதிது. சைக்கிள் பாதுகாப்பென்று பலகை எழுதித் தொங்கவிட்டிருந்த வளவொன்றிலே, கயிறு கட்டி வரிசை பிரித்து, மட்டைத்துண்டில் இலக்கமெழுதி, ஒரு பாதியை ஹாண்டிலிலும் மறு பாதியை உடையவர் கையிலும் கொடுத்துக்கொண்டிருந்தான் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன். நான் பார்த்து நின்ற நேரத்தில் அவன் 614 ஆம் இலக்கத்தை எழுதினான். போன வருஷங்களிலே அந்த வளவில் கார்கள் நின்றதாகவும், ஒரு காருக்கு இந்தப் பத்துச் சைக்கிள் இடம் போய்விடுவதாகவும், ஆகையால் இந்த வருஷம் வரும்படி நல்லது என்றும் அவனுடைய தாயார் சொன்னார்.

திருவிழா நடந்தது, கலியாண வீடுகளும் நடந்தன, செத்த வீட்டுக்கு எல்லாரும் போனார்கள். ஒரு காரியமென்று பெயர் சொல்லக்கூடிய பிரயாணம் எதையும் விலை தடுத்துவிடவில்லை. அது தடுத்தது காரியமில்லாத பிரயாணத்தை. பின்னேரம் சும்மா ஒரு நடை போய் மாமியைப் பார்த்துவிட்டு வருவோம், அந்தப் பக்கம் போனால் இவர் வீட்டிலே ஒரு தேநீர் குடித்துவிட்டு வருவோம் என்கிற போக்குவரத்து அடியோடு நின்றுபோயிருந்தது. சிநேகிதருடைய தமையனார், ஐந்து மைலுக்கு அப்பால் இருக்கிற தம்முடைய மகளைத் தாம் கண்டு மூன்று மாதமென்று, ஏதோ வெளிநாட்டில் இருக்கிறவளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். விலையேற்றத்தின் நட்டக் கணக்கிலே நான் முதலாவதாக எழுதுவது இதைத்தான்.

ஆகவே அந்த ஆறு லீற்றருக்கு வருகிறேன். காரைநகரிலே சிநேகிதருக்கு எண்பது வயதுக்குக் கிட்டிய மாமி ஒருவர் இருந்தார். போய்வர நாற்பத்தைந்து கிலோமீற்றர், மூன்று லீற்றர். கீரிமலைக்கு ஒரு நாள் போகவேண்டுமென்பது என் விருப்பம். உரும்பிராயிலிருந்த மைத்துனர் ஒருவர், வெங்காயப் பாத்தி காய்கிறதென்றும், தம்முடைய நீரிறைக்கும் இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடினாலும் தொடக்கிவிடப் பெற்றோல் வேண்டுமென்றும், ஷெட்டிலே போத்தலுக்கு அடிக்கமாட்டார்களென்றும் சொல்லிக்கொண்டு சைக்கிளில் வந்து நின்றார். பழைய ஒஸ்ரினின் கதைதான், தோட்டத்துக் கிணற்றடியில் இன்னும் நடக்கிறது. சிநேகிதர் பூட்டைத் திறந்து, குழாய் விட்டு வாயால் இழுத்து, ஒரு வாய் பெற்றோலைத் துப்பிவிட்டு, இரண்டு லீற்றரை அளந்து கொடுத்தார். வெங்காயத்துக்கு முன்னே கீரிமலை எம்மாத்திரம்? நான் வாயைத் திறக்காமலே என் பங்கை விட்டுக்கொடுத்தேன்.

சனிக்கிழமை காரைநகர் போனோம். மாமி படலையிலே காரைக் கண்டதும், எப்போது வந்தீர்கள், சுகமா என்றெல்லாம் கேட்கவில்லை. "பெற்றோலுக்கு என்ன செய்தனீ, தம்பி?" என்பதே அவருடைய முதற் கேள்வி. சிநேகிதர் பதினைந்து நாள் நடந்த கதையையும், லொறிக்குப் பின்னால் வந்த கதையையும் சொன்னார். மாமி முழுவதையும் கேட்டுவிட்டு, உள்ளே போய் ஒடியற் கூழுக்கு உலை வைத்தார். தேர் முடிந்த மறுநாளும் அதற்கு மறுநாளும் வருஷந்தோறும் இனசனம் வந்து நிறைகிற வீடாம் அது. அந்த வருஷம் அந்த முற்றத்திலே சக்கரம் பட்ட கார் எங்களுடையது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு, அதே அறுபதிலே, லொறிகளுக்குப் பின்னால் பொறுமையாக வந்து, வெள்ளவத்தையிலே காரை நிறுத்தியபோது முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்தது.

கியூ.ஆர். முறையை 2023 செப்டெம்பர் 1 ஆம் திகதியோடு எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு கேட்ட அளவு கிடைத்தது. நல்லூருக்குப் போகிறவர்கள், காரைநகரிலோ வேறெங்கோ இப்படி ஒரு மாமி இருந்தால், காரியம் எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு நடை போய்வாருங்கள். மானிப்பாய், சங்கானை வழியாய்ப் பொன்னாலைப் பாலத்தைக் கடந்தால் காரைநகர், மூன்று லீற்றர் போதும்.